பதம் பார்க்கும் விரல்

லிஃப்ட் கதவு திறந்ததும் அந்த வாடை முகத்தில் வந்து மோதியது. பழுத்து வெடித்த பலாப்பழத்தின் மேல் நகப்பூச்சைக் கொட்டிக் கொளுத்தினால் எப்படியிருக்குமோ அப்படி. பால் வாங்கக் கீழே போக வேண்டியவன், மேலே போகும் பொத்தானை அழுத்தினேன். நாவலூரில் என் பையன் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி விரிசலுக்கு இரண்டு பேர் ஃபைபர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாத்த, நீங்களும் ஃபைபரா?" என்றான் ரோலர் பிடித்திருந்தவன்.

"எப்பிடிக் கண்டுபுடிச்ச?"

"மேல வந்தவங்கல்லாம் மூக்கப் பொத்திகினு திட்டிட்டுப் போனாங்க. நீங்க ஒருத்தர்தான் மோந்துகினு நிக்கிறீங்க."

எந்தப் பட்டறை என்று கேட்டான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால், பாய் பட்டறை என்றேன். "அதுவா? அங்க இப்ப பம்ப்பு வச்சி ரெசின உள்ள இஸ்குறாங்களாமே. வாடையே வராதாமே" என்றான். ஆமாம், வராது. வாடையில்லாமல் படகு பிறக்கிற காலம் வந்துவிட்டது. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவர்கள் கையுறை போட்டிருந்தார்கள். கையுறை மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

பாலியஸ்டர் என்றால் உங்களுக்குச் சட்டை. துவைத்தால் உடனே காய்வது, இஸ்திரி கேட்காதது, வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொள்வது. எனக்குப் படகு. இரண்டும் ஒரே வம்சம் என்று சொன்னால் என் மனைவி இன்றும் நம்ப மாட்டாள். நூலாக இழுபட்டுப் போனவன் அண்ணன்: அவன்தான் பள்ளிக்கூடச் சீருடை, தையல் நூல், காரில் நெஞ்சைக் கட்டும் பட்டை, நங்கூரக் கயிறு, தேர்தல் பேனரின் உள்ளே ஓடும் வலைப்பின்னல். பிசினாகவே நின்றுவிட்டவன் தம்பி: அவன்தான் சட்டைப் பொத்தான், கூரைத் தகடு, தண்ணீர்த் தொட்டி, படகு. நடுவில் பாட்டிலாகிப் போன ஒரு சகோதரியும் உண்டு. அவளை நசுக்கி, நறுக்கி, உருக்கினால் மறுபடி நூலாகி டி-சர்ட்டாக வருவாள். எங்கள் பிசினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு தடவை இறுகினால் இறுகியதுதான். எரித்தால் கருகும், உடைத்தால் உடையும், இளகாது. வீதியில் கிடக்கும் காலி பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம், உனக்கு மட்டும் எத்தனை பிறவி என்று மனம் கேட்கும்.

நான் படாளத்துக்காரன். வயல் கைவிட்ட வருஷங்களில் கடற்கரைக்கு வேலை தேடி வந்தேன். நீச்சல் தெரியாது. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அச்சுக்கு மெழுகு தேய்த்தேன். மோல்டு என்போம், கவிழ்த்து வைத்த படகின் மேல் எடுத்த அச்சு, உள்ளே வழவழவென்று, நம் முகமே தெரிகிற மாதிரி. தேய்த்துத் தேய்த்து என் முகத்தை நானே பார்த்துச் சலித்தேன். பிறகு மேட்டு வெட்டினேன். கண்ணாடி இழையைப் பஞ்சு மாதிரி அமுக்கிய விரிப்பு அது. அரிப்பு பழகிற்று. சட்டையில் சிந்திய பிசின் பலகையாக இறுகி, கழற்றி வைத்தால் சட்டை தானே நிற்கும். அதையும் பழகினேன். அவ்வளவுதான்.

காதர் பாயைப் பற்றி அப்படிச் சுருக்க முடியாது.

செங்கல்பட்டுக் கடைத்தெருவில் துணி வியாபாரம் செய்த குடும்பம். இவர் ஒருவர் மட்டும் கடலைப் பார்த்து வந்தார். நாங்கள் எல்லோரும் பாலியஸ்டரில் முக்கி எடுத்த மாதிரி திரிய, அவர் வெள்ளைப் பருத்திச் சட்டையும் வெள்ளைக் கைலியுமாக வருவார். "நெருப்பு புடிச்சா பருத்தி சாம்பலாவும். உங்க துணி தோலோட உருகி ஒட்டிக்கும்" என்பார். ஒரு சொட்டு அவர்மேல் விழுந்து நான் பார்த்ததில்லை. குரல் உயர்த்த மாட்டார். வேலை பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார். பிடித்திருந்தாலும் தாண்டிப் போய்விடுவார். எது என்ன என்று மூளையைப் பிய்த்துக்கொண்டு நிற்போம்.

பிசினை இறுக வைக்க இரண்டு மருந்து. கோபால்ட்டைக் கொட்டகையின் ஒரு கோடியிலும், கேட்டலிஸ்ட்டை மறு கோடியிலும் வைப்பார். "ரெண்டும் நேருக்கு நேர் பாத்துகினா வெடிச்சிடும். நடுவுல ரெசின் இருந்தாத்தான் குடித்தனம்." முதலில் பிசினில் கோபால்ட் விட்டுக் கலக்க வேண்டும்; ரோஜா நிறம் ஓடும். அது முழுக்கக் கரைந்த பிறகே மற்றது. அதற்கப்புறம் டீ குடிக்கக்கூட நேரமில்லை. வாளியில் இருப்பது கெட்டிப்படத் தொடங்கிவிடும். வெயில் நாளில் கேட்டலிஸ்ட் குறைவாக, மழை நாளில் கூடுதலாக. அளவுக் குப்பி இருந்தும் பாய் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார்.

ஆனால் பட்டறையின் உயிர் அதுவல்ல. விரல்.

படகின் மேல் தோலுக்கு ஜெல் என்று பெயர். நிறம் சேர்த்த கெட்டிப் பிசின். மெழுகு தேய்த்த மோல்டுக்குள் முதலில் அதைப் பூசுவோம். பிறகு காத்திருக்க வேண்டும். அது முழுக்கக் காய்ந்தால் அடுத்த அடுக்கு அதோடு சேராது. காயாமல் மேட்டும் பிசினும் போட்டால் புதுப் பிசின் அதை அரித்து, தோல் சுருண்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம். தொட்டால் விரலில் ஒட்டணும், ஆனால் நிறம் வரக்கூடாது. அதைப் பார்ப்பது ஒருவருடைய வேலை. பாய் மோதிர விரலால் பார்ப்பார். "மத்த வெரல்லாம் வேல செஞ்சி செஞ்சி மரத்துப் பூடும். இது ஒண்ணுதான் சோம்பேறி. தோலு மெலிசு." அந்த விரலைக் காக்க வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு கிழிசல் சுற்றிக் கட்டியிருப்பார். பதம் பார்க்கும்போது மட்டும் அவிழ்ப்பார். கொட்டகையே பேச்சை நிறுத்தும். தொடுவார், விரலைப் பார்ப்பார், "ம்" என்பார். நாங்கள் ரோலரோடு பாய்வோம்.

அந்தத் துணி என் விரலுக்கு வரவேண்டும். என் வேலைக்காலம் முழுவதையும் ஒரு வரியில் கேட்டால் அதுதான்.

வரும் என்றுதான் இருந்தேன். என் ரோலர் போன இடத்தில் ஒரு காற்றுக் குமிழ் நிற்காது. நான்தான் மூத்தவன். அப்போதுதான் சேகர் வந்து சேர்ந்தான்.

பக்கத்துக் குப்பத்துப் பையன். சின்ன வயதிலிருந்து கடலில் கிடந்தவன். வேலை செய்தால் வாயில் சீழ்க்கை. பிசினைத் தரையில் பாதி சிந்துவான். என்னை "தேவு" என்று முதல் நாளே கூப்பிட்டான். தேவராஜ் என்று முழுசாகச் சொல்ல அவனுக்குப் பொறுமையில்லை. பாய் என்னை "ஏம்பா" என்பார். அவனை "தம்பி" என்றார். முதல் நாளிலிருந்தே தம்பி. நான் "ஏம்பா"வைத் தாண்டவேயில்லை.

அவன் வேலை செய்யும் இடத்தில் பாய் நின்றுகொண்டிருப்பார். என் பக்கம் வந்தால் தாண்டிப் போவார். மத்தியானம் சேகர் கொண்டுவரும் மீன் குழம்புத் தூக்கை அவரே திறந்து மோந்து பார்ப்பார். என் வீட்டுக் கத்தரிக்காயை யார் மோந்தார்கள்? படகு முடிந்து கடலில் இறக்கும் நாளில், சொந்தக்காரர் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தேங்காய் உடைத்ததும், சேகர் தாவி ஏறிவிடுவான். முதல் ஓட்டம் அவன்தான் போவான். அலையை முகத்தில் வாங்கிக்கொண்டு அவனும் படகும் போக, நான் கணுக்கால் ஈரத்தோடு மணலில் நிற்பேன். என் கைரேகை முழுக்க அந்தப் படகுக்குள் இருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்க்காமல் போகும். பாய் கையை நெற்றியில் வைத்து அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். எதன்மேல் எனக்கு எரிந்தது, அவன்மேலா, படகின்மேலா, அந்தப் பார்வையின்மேலா என்று பிரித்துச் சொல்ல இன்றும் வரவில்லை.

பொறாமைப்பட்டவன் கண் தூங்காது. அதனால்தான் பாயின் விரலில் நடந்தது எனக்கு முதலில் தெரிந்தது. ஆவி பறக்கும் கண்ணாடி டம்ளரை முழுக் கையால் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கி மேசையில் வைத்தபோது என் விரல் சுட்டது. அவருக்குச் சுடவில்லை. சர்க்கரை நோய். கால் விரல் மரத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். கைக்கு வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. துணி சீக்கிரம் கை மாறும் என்று மட்டும் நினைத்தேன். யாருக்கு என்ற நினைப்பு அதற்குப் பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த ஐப்பசியில் அஞ்சாப்புலியின் படகு வேலை வந்தது. கொக்கிலமேட்டுக்காரர். புயலில் பழைய படகு பாறையில் மோதித் தூளாகி, எஞ்சின் மட்டும் மிஞ்சியிருந்தது. மச்சான் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். தினமும் பட்டறை வாசலில் வந்து குந்துவார்.

"பாய், மழை வுட்டா மீன் கெளம்பும். அதுக்குள்ள கெடைக்குமா?"

"கெடைக்கும்யா. உன் மச்சான் படகு இன்னா முள்ளா குத்துது?"

"முள்ளு குத்துனா புடுங்கிப் போட்டுடலாம் பாய். இவன் ஒவ்வொரு மீனுக்கும் மூஞ்சத் தூக்குறான். வூட்டுக்கு வந்தா அவன் தங்கச்சியும் தூக்குது."

நீல ஜெல் கேட்டார். பூசிய நாளில் தூறல். சாரல் உள்ளே அடிக்காமல் பக்கத்துத் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தோம். காற்றில்லை. பிசினிலிருந்து கிளம்பும் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, மோல்டின் அடிப்பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கும். தேங்கிய இடத்தில் ஜெல் இறுகாது. மேல் விளிம்பில் பதம் வந்திருக்கும்போது அடியில் இன்னும் பச்சையாகவே கிடக்கும். மழை நாளின் குணம் அது.

பாய் துணியை அவிழ்த்தார். விளிம்பில் தொட்டார். விரலைப் பார்த்தார். மறுபடி தொட்டார். "ம்" வரவில்லை. முதல் தடவையாக வரவில்லை.

"ரெண்டு பேரும் பாருங்க" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

சேகர் நின்ற இடத்தில் கை நீட்டிப் பக்கவாட்டில் இரண்டு மூன்று இடம் தொட்டான். நான் குறுக்குப் பலகையில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, முனைப் பக்கம் அடிப்பள்ளம் வரை கையை விட்டேன். எடுத்தபோது விரல் நுனியில் பிறை மாதிரி ஒரு நீலக் கீற்று.

"புடிச்சிக்கிச்சி பாய். மேட்டு போட்டுடலாம்" என்றான் சேகர்.

"அடியில இன்னும் கலர் வருது பாய்" என்றேன் நான். விரலைக் காட்டினேன்.

பாய் என் விரலைப் பார்த்தார். வாசலில் குந்தியிருந்த அஞ்சாப்புலியைப் பார்த்தார். சேகரைப் பார்த்தார். அவன் சிரித்துக்கொண்டு, "தேவு ஆழம் பாத்துட்டு பயந்துட்டாரு பாய், நீச்சல் தெரியாதுல்ல" என்றான். கொட்டகையே சிரித்தது. அஞ்சாப்புலியும் சிரித்தார்.

"தம்பி சொல்றான். போடுங்கப்பா" என்றார் பாய்.

போட்டோம். நானும் போட்டேன். அன்று என் ரோலர் போன வேகத்துக்கு ஒரு குமிழ்கூடத் தப்பியிருக்காது. காது மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. தப்பாகப் போகட்டும் என்று நினைத்தேனா என்று கேட்டால், இல்லை; படகு அஞ்சாப்புலியுடையது. ஆனால் நன்றாக வந்துவிடுமோ என்று பயந்தேன்.

இறுகி, விலா மரம் வைத்து, எல்லா அடுக்கும் முடிந்து, மோல்டிலிருந்து பிரிக்கும் நாள். ஆப்பு தட்டி, இடைவெளியில் தண்ணீர் விட்டோம். டப்பென்று ஒரு சத்தத்தோடு விடுபடும். எனக்குப் பிடித்த சத்தம் அது. விடுபட்டது. தூக்கிக் கவிழ்த்தோம். பக்கங்கள் கண்ணாடி. அடிப்பகுதி நெடுக, முனையிலிருந்து பாதி வரைக்கும், வடநெம்மேலி முதலைப் பண்ணையில் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்ப்போமே, முதலையின் முதுகு, அதே சுருக்கம்.

சேகரின் சீழ்க்கை நின்றுவிட்டது. அஞ்சாப்புலி எழுந்து வந்து, புண்ணைத் தடவுவது போல அந்தச் சுருக்கத்தைத் தடவினார்.

"இன்னா பாய் இது?"

எல்லோர் கண்ணும் சேகர்மேல் போயிற்று. எனக்கும் வாய் வரை வந்தது. பாய் முந்திக்கொண்டார்.

"என் வெரலு, அஞ்சாப்புலி. சக்கர வந்து மரத்துப்போச்சி. அது தெரிஞ்சே தொட்டேன், தெரிஞ்சே போடச் சொன்னேன். அவுங்க மேல தப்பில்ல."

"அவுங்க" என்றார். என்னையும் சேர்த்து. சரியாகச் சொன்னவனையும் தப்பாகச் சொன்னவனையும் ஒரே சொல்லில் கட்டி ஓரத்தில் வைத்தார். அஞ்சாப்புலி சுருக்கத்தின் மேலிருந்து கையை எடுத்தார். பிறகு, "இன்னும் கொஞ்ச நாளு மச்சான் மூஞ்சப் பாக்கணும், அவ்ளோதான" என்றார்.

அவர் போனதும் பாய் என்னிடம் வந்தார். தன் விரலில் இருந்த துணியை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார். "இனிமே நீ பாருப்பா." அவ்வளவுதான். நான் ஏதாவது சொல்வதற்குள் தாண்டிப் போய்விட்டார். நேராகக் கொட்டகையின் பின்பக்கம். அங்கே கவிழ்ந்து கிடந்த பழைய படகின்மேல் சேகர் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் பாய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் தோளில் கை போட்டார். அப்படியே இருந்தார்கள்.

நான் துணியைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் துணி வந்தது. பாயின் கை அவன் தோளுக்குப் போனது. இத்தனை வருஷம் எதற்கு ஆசைப்பட்டேனோ அது என் விரலில் இருக்க, என் கண் அந்தத் தோளில் இருந்தது.

அஞ்சாப்புலி படகின் அடியை நான்தான் சரிசெய்தேன். சுருங்கிய தோலைச் சுரண்டி, மட்டம் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புது ஜெல் பூசி, ஒவ்வொரு துண்டுக்கும் பதம் பார்த்தேன். ஒட்டு எங்கே என்று யாரும் காட்ட முடியாது. பாய் வந்து பார்த்தார். தாண்டிப் போனார். கடலில் இறக்கிய நாளில் சேகர் தாவி ஏறினான். அஞ்சாப்புலி கரையைப் பார்த்துக் கும்பிட்டார். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. நான் எனக்கென்றே எடுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அந்தக் கொட்டகையிலிருந்து போன ஒவ்வொரு படகும் என் விரல் தொட்டுப் போனது. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை மணலில் கிடக்கும் படகுகளில் பலவற்றின் தோலுக்கு நான் "ம்" சொல்லியிருக்கிறேன். ஒன்றும் சுருங்கவில்லை. அதனால் யாரும் என் தோளில் கை போடும்படி ஆகவில்லை.

பாய் நடை தளர்ந்து செங்கல்பட்டு வீட்டோடு இருந்துவிட்டார். மருமகன் வந்து பம்ப்பு வைத்தார். இப்போது மேட்டை உலர்வாக அடுக்கி, மேலே பிளாஸ்டிக் படலம் போட்டு, காற்றை உறிஞ்சினால் பிசின் தானாக ஓடிப் பரவுகிறது. அழகுதான். நிஜமாகவே அழகு, வெள்ளை விரிப்பில் ஈரம் நடந்து போவதை முதல் நாள் வாய் பிளந்து பார்த்தேன். ரோலர் வேண்டாம், குமிழ் இல்லை, வாடை இல்லை. அந்தச் சமயத்தில்தான் என் கைகள் வெடிக்கத் தொடங்கின. கேட்டலிஸ்ட் ஒரு துளி பட்டாலே கொப்புளம். தோல் டாக்டர், "வேலையை விடு, இல்லைன்னா கையை விடு" என்றார். ஐம்பதைத் தாண்டிய கையோடு ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

கடைசி நாள் சேகர்தான் வண்டியில் கொண்டுவந்து பஸ் நிறுத்தத்தில் விட்டான். அவனுக்கும் காதோரம் நரைத்திருந்தது. திருப்போரூர் வழியாக நாவலூர் போகும் பஸ்ஸுக்கு நின்றோம்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லவா தேவு? திட்டக்கூடாது."

"சொல்லு."

"உன்னப் பாத்தா எனக்கு அவ்ளோ காண்டு. இத்தினி வருசமும்."

நான் சிரித்தேன். "என்னப் பாத்தா? எதுக்கு?"

"நீ வேல செஞ்சா பாய் பாக்கவே மாட்டாரு. போயிகினே இருப்பாரு. என்னாண்ட மட்டும் நின்னுகினே இருப்பாரு. நம்பிக்கை இல்லாத பையனாண்டதான வாத்தியாரு நிப்பாரு? ஒரு நாளாவது என்னத் தாண்டிப் போமாட்டாரான்னு இருக்கும் எனக்கு. அன்னிக்கு அந்தப் படகு சுருங்குனப்பகூட, பக்கத்துல வந்து குந்திகினாரே, எனக்கு செத்துடலாம்னு இருந்துச்சி."

பஸ் வந்தது. கூட்டம். ஒரு காலைப் படியில் வைத்துக் கம்பியைப் பிடித்தேன். அவன் சொன்னது நியாயம்தான். மூளைக்குப் புரிந்தது. நெஞ்சுக்கு ஒரு துளியும் இறங்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"நின்னாருல்ல?" என்றேன். "பக்கத்துல?"

சேகர் பஸ்ஸோடு கூடவே இரண்டடி நடந்தான்.

"நின்னாரு" என்றான். "நின்னாரு, தேவு."